லா மெர்சியில் எழுந்த விமான நிலையம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே இருந்த பழைய விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 2.4 கிலோமீட்டர் நீளமே கொண்டிருந்ததால், முழு எரிபொருளும் பாரமும் ஏற்றிய பெருவிமானங்கள் அங்கிருந்து நெடுந்தொலைவு பறக்க இயலவில்லை. வடக்கே வெருலத்துக்கும் டோங்காட்டுக்கும் அருகிலுள்ள லா மெர்சியில் 1970களிலேயே தொடங்கிய பணி இடையில் நின்றுபோய், 2007இல் மீண்டும் உயிர்பெற்று, உலகக் கோப்பைக் கால்பந்துக்குச் சற்று முன்பாக, 2010 மே 1 அன்று கிங் ஷாகா பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இதன் ஓடுபாதை 3.7 கிலோமீட்டர்.

ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் வியர்வை சிந்திய கரும்புக் காட்டுப் பகுதி இது என்பதால், இதன் வளர்ச்சியில் எனக்குத் தனி அக்கறை உண்டு.

என்னை மிகவும் கவர்ந்தது பறவைகளைக் காத்த விதம்தான். அருகிலுள்ள மவுண்ட் மோர்லேண்டின் நாணல் சதுப்பில், ஐரோப்பாவிலிருந்து வரும் தகைவிலான் குருவிகள் கோடைக்காலத்தில் இலட்சக்கணக்கில் இரவு தங்கிவந்தன. மாலையில் அவை கூட்டமாக இறங்கும் நேரத்தில் விமானங்களுக்கு ஆபத்து நேராதிருக்க, சதுப்பை அழிக்காமல், பறவைகளைக் கண்காணிக்கும் ரேடாரை நிறுவினார்கள். இது பாராட்டத்தக்க முடிவு.

ஆனால் வெருலம், டோங்காட் வழியாக ரயில் பாதை இருந்தும் விமான நிலையத்துக்கு ரயில் இணைப்பு இல்லை. சொந்த வாகனம் இல்லாத தொழிலாளர்களை எண்ணி, அந்த இணைப்பை முதலிலேயே திட்டமிட்டிருக்க வேண்டும்.