திறப்பு எங்கே?

எங்கள் பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் அநேகமாக ஒரே மூன்று கேள்விகளைத்தான் கேட்பார்கள். யார் சமைப்பது, ரீவி போட்டுவிடுவீர்களா, கேற் எந்நேரமும் பூட்டியிருக்குமா. மூன்றாவது கேள்வி வந்ததும் ஆமைப்பூட்டை ஒரு தரம் இழுத்துக் காட்டுவேன். அவர்களின் முகம் தெளிந்துவிடும். நாங்கள் இருப்பது திருகோணமலை உப்புவெளியில், நிலாவெளி வீதியிலிருந்து இறங்கும் ஒரு ஒழுங்கை. பஸ்ஸும் டிப்பரும் பறக்கிற வீதி அது, அந்தப் பயத்தில் பிழை சொல்ல முடியாது.

தாதியாக வேலை செய்யும் ஒரு தாய் மட்டும் வேறொன்று கேட்டார். "பின்பக்கத்தால வெளியில போக வழி இருக்கா டீச்சர்?"

"ஓம், குசினிக்குள்ளால ஒரு கதவு இருக்கு."

"ஒருக்காத் திறந்து காட்டுறீங்களா?"

கதவுக்கு முன்னால் அரிசி மூட்டை, கால் உடைந்த தொட்டில், விறகு. பிறகு காட்டுகிறேன் என்று சமாளித்து அனுப்பினேன். பயந்த சுபாவம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆடியில் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. ஆடியில் எங்கள் ஊரில் கச்சான் அடிப்பது தெரியும்தானே. மேற்கிலிருந்து வரும் சுடுகாற்று, முற்றத்து இலையெல்லாம் அப்பளம் போல் நொறுங்கும். அந்த வெயிலில் அடுத்த வளவில் யாரோ சருகு கூட்டிக் கொளுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வேலி கிடுகு வேலி. மணி ஒன்றேகால் இருக்கும். பிள்ளைகள் எல்லாரும் பாயில் நித்திரை. நானும் என்னோடு வேலை செய்யும் அக்காவும் பின்னேரத்துக்கு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தோம். புகை மணந்தது. குப்பைதானே என்று இருந்துவிட்டோம். பிறகு சடசடவென்று ஒரு சத்தம், யன்னலுக்கு வெளியே செம்மஞ்சள் வெளிச்சம்.

குசினிக் கதவு வேலிப் பக்கம். அந்தப் பக்கம் போகவே முடியாது. முன்வாசலால் கைக்குழந்தைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு, மற்றவர்களை உலுப்பி எழுப்பி, இழுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தோம். கேற் பூட்டியிருந்தது.

"அக்கா, திறப்பு எங்க?"

"கொழுக்கியில இல்லையா?"

கொழுக்கியில் இல்லை. ஒரு மணிக்குச் சமைத்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போன சமையல் அம்மாவின் பேர்ஸுக்குள் அது போயிருந்தது. பூட்டைப் பார்த்துக்கொண்டு, இடுப்பில் ஒரு குழந்தையோடு நான் நின்ற அந்த நேரத்தை எவ்வளவு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. இரண்டு நிமிடம் என்று அக்கா சொல்கிறா. எதிர்வீட்டுத் தம்பி அலவாங்கால் பூட்டை நெம்பினான். அயலவர்கள் கிணற்று மோட்டரைப் போட்டு டியூபால் அடித்து வேலியை அணைத்தார்கள். வேலியில் பாதி போனது, வீட்டுச் சுவரில் கரி. அவ்வளவுதான்.

ஆனால் அது முடிவில்லை. ஒழுங்கையில் நின்று எண்ணினேன். பன்னிரண்டு. காலையில் இடாப்பில் எழுதியது பதின்மூன்று. திரும்ப எண்ணினேன், பன்னிரண்டுதான். அக்கா குழந்தையை யாரோ ஒருவர் கையில் திணித்துவிட்டுப் புகைக்குள் ஓடினா. கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால், கழிவறைக்குள் எல்லாம் தேடினா. அந்தப் பிள்ளையைப் பதினொன்றரைக்கே அம்மம்மா வந்து கூட்டிக்கொண்டு போயிருந்தா. யாரும் இடாப்பில் குறிக்கவில்லை. நெருப்பால் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, என் இடாப்புப் பிழையால் ஒரு மனுசி புகைக்குள் போய் வந்தா. அன்றிரவு வேலியை நினைத்து அல்ல, அதை நினைத்துத்தான் நித்திரை வரவில்லை.

யோசித்துப் பார்த்தால், திருகோணமலையில் ஆபத்து என்றதும் எல்லாரும் கடலைத்தான் பார்ப்போம். 2004 மார்கழிக்குப் பிறகு அது இயல்பு. 2012 ஏப்ரல் 11 சுனாமி எச்சரிக்கை வந்தபோது நான் வேறொரு பாலர் பாடசாலையில் இருந்தேன். கால்மணிக்குள் அத்தனை தாய்மாரும் வாசலில். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் எங்கள் மாவட்டத்துக்கு நேரே வருகிறது என்றதும் முதல் நாளே மூடிவிட்டோம். எந்த மேட்டுக்கு ஓடுவது என்று எங்களுக்குத் தெரியும். சொந்த ஹோலிலிருந்து முற்றத்துக்கு எப்படிப் போவது என்பதைத்தான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அதற்குப் பிறகு நான் செய்த முதல் வேலை, எல்லாரும் செய்வதுதான்: தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். சிவப்பாக, பார்க்க நிம்மதியாக இருந்தது. ஒரு பிள்ளையின் மாமா தீயணைப்பில் வேலை செய்கிறார். கூட்டிப்போக வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "இதைப் பாவிக்கத் தெரியுமா அக்கா?" என்றார். தெரியாது. ஊசியை இழுப்பது, நெருப்பின் நாக்குக்கு அடிக்காமல் அதன் அடிப்பாகத்துக்கு அடிப்பது, முள்ளு பச்சையில் நிற்கிறதா என்று பார்ப்பது எல்லாம் காட்டினார். இந்தச் சின்னன் பத்து விநாடி மட்டில்தான் வேலை செய்யும் என்றார். "இது வீட்டைக் காப்பாத்த இல்லை அக்கா. பிள்ளைகளுக்கு வழி எடுத்துக் குடுக்க." அந்த ஒரு வசனத்துக்காகவே அவருக்கு இரண்டு தரம் தேத்தண்ணி கொடுக்கலாம். எண்ணெய்ச் சட்டி பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்பை நிற்பாட்டிச் சட்டியை மூடவேண்டும் என்பதையும் சமைக்கிற அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவ முப்பது வருடமாகத் தண்ணீர்தான் ஊற்றுகிறேன் என்று வாதாடினா.

அவர் சொன்னதில் என்னை உலுக்கியது காஸ் விசயம். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்த நாட்களில் நாங்களும் பயந்தோம்தான். அடுத்த வருடம் காஸே இல்லை, விறகுக்கு மாறினோம், கரண்ட் இல்லாத இரவுகளில் மெழுகுதிரி, அப்புறம் பயம் மறந்துபோயிற்று. காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் நிற்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள்? தரையில், பாயில். குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் கதவு இல்லை, சேலைத் திரை மட்டும். அந்தக் கிழமையே மேசனைப் பிடித்துச் சுவரில் துளை போட்டு, பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டரை வெளியே நிழலான இடத்தில் வைத்தோம். இப்போது சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ரெகுலேற்றரிலும் குழாயிலும் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறோம். மணம் வந்தால் சுவிட்சைத் தொடுவதில்லை, ஃபேனைக்கூடப் போடுவதில்லை, கதவைத்தான் திறப்பது. நுளம்புத்திரியையும் நிற்பாட்டிவிட்டோம். நித்திரைப் பிள்ளையின் போர்வை எந்தப் பக்கம் உருளும் என்று யாருக்குத் தெரியும். வலை போதும்.

பூட்டு விசயத்தில்தான் சண்டை. ஆமைப்பூட்டை எடுத்துவிட்டுக் கேற்றின் உச்சியில் பெரியவர்களின் கைக்கு மட்டும் எட்டுகிற தாழ்ப்பாள் போட்டேன். ஒரு தகப்பன் கோபப்பட்டார். "பிள்ளை ரோட்டுக்கு ஓடினா யார் பொறுப்பு?" அவர் கேட்டது சரியான கேள்வி, அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. பிள்ளை வெளியே போகாமல் இருக்க நாங்கள் செய்த எல்லாமே, பூட்டு, யன்னல் கம்பி, வாசலுக்குக் குறுக்கே வைத்த மேசை, பிள்ளையை வெளியே எடுக்கவும் விடாது. கடைசியில் கேற்றில் ஒரு மணி கட்டினோம். தாழ்ப்பாள் அசைந்தால் குசினி வரைக்கும் கேட்கும். அவர் முழுமனதோடு சம்மதித்தார் என்று சொல்லமாட்டேன். பிள்ளையை நிற்பாட்டவில்லை, அது போதும்.

இடாப்புக்குப் பதிலாக இப்போது வாசலில் ஒரு கயிறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் படம் ஒட்டிய உடுப்புக் கிளிப் ஒன்று. வந்ததும் பிள்ளையே மாட்டும், போகும்போது கூட்டிப்போக வந்தவர் கழற்றிப் பெட்டிக்குள் போடவேண்டும். அம்மம்மா அவசரப்பட்டாலும் சரி, மறந்து போக விடுவதில்லை. ஓடவேண்டி வந்தால் கயிற்றை அப்படியே உருவிக்கொண்டு வெளியே போய், கிளிப்பையும் தலையையும் ஒப்பிட்டால் முடிந்தது. பக்கத்தில் தீயணைப்பு 110, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990 மூன்றும், கீழே எங்கள் சொந்த விலாசமும். தன் வீட்டு இலக்கத்தையே மறக்கும் அளவுக்குப் பதறலாம் என்று அன்றைக்குக் கண்டேன்.

மாதம் ஒருமுறை ஒத்திகை. பிள்ளைகளுக்கு அது "கொழும்பு ரயில்". முடிச்சுப் போட்ட கயிறு, ஆளுக்கொரு முடிச்சு, எதிர்வீட்டு வேப்பமரம் ஸ்டேசன். முதல் தரம் நாலரை நிமிடம் எடுத்தது, பாதிப் பேர் செருப்புத் தேடினார்கள். செருப்பில்லாமல் போகலாம் என்று சொன்னதும் அவர்களுக்குப் பெரிய சந்தோசம். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டால் கயிற்றைப் பிடிக்கக் கை இல்லை என்பது இரண்டாவது ஒத்திகையில்தான் தெரிந்தது. சில்லு வைத்த தொட்டில் ஒன்று வாங்கி, இருவரையும் அதற்குள் போட்டுத் தள்ளுகிறோம். வாங்குவதற்கு முன் வாசல் அகலத்தை அளந்தோம், அந்தளவுக்குப் புத்தி வந்திருந்தது. பயந்தால் சின்னப் பிள்ளைகள் ஓடமாட்டார்கள், ஒளிப்பார்கள். அதனால் "மணி கேட்டால் ஒளிக்கிறதில்லை, அன்ரியின் குரலுக்கு வாறது" என்பதைத் தனி விளையாட்டாகவே பழக்குகிறோம்.

இப்போது ஒன்றரை நிமிடத்துக்குள் வந்துவிடுகிறோம், பிள்ளைகள் விழித்திருந்தால். நித்திரை நேரத்தில் ஒருமுறை செய்து பார்த்தபோது மூன்று நிமிடத்துக்கு மேல். இரண்டு பேர் அழுதார்கள், ஒருவன் எழும்பவே இல்லை, அவனை அக்கா தோளில் போட்டுக்கொண்டு வந்தா, வேப்பமரத்தடியிலும் குறட்டை.

அந்தத் தாதித் தாய் போன மாதம் இரண்டாவது பிள்ளையைச் சேர்க்க வந்தார். கேட்காமலேயே குசினிக் கதவைத் திறந்து காட்டினேன். கதவு, வெளியே முற்றம், கிடுகு இருந்த இடத்தில் தகர வேலி எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார். பிறகு உள்ளறை யன்னலைக் காட்டி, "இந்தக் கம்பி கழருமா டீச்சர்?" என்றார்.

கழராது. ஹோல் யன்னலுக்குக் கீல் வைத்துத் திறக்கிற மாதிரிச் செய்தாயிற்று, உள்ளறைக்கு இன்னும் காசு சேரவில்லை. வெல்டிங் செய்பவர் அடுத்த மாதம் வருகிறேன் என்கிறார். அதுவரைக்கும் அந்த அறையில் விளையாட்டுச் சாமான் மட்டும். பதின்மூன்று பாயும் ஹோலில்தான், கால் வைக்க இடமில்லாமல்.