பிக்கப்பின் பின்பக்கத்தை 50 மி.மீ. இறக்க மூன்று தடவை கழற்றிய வேலை

படகு ட்ரெய்லரை இழுக்கப் பிக்கப்பின் பின்பக்கத்தை இறக்கும் கமான் (எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) வேலை முடிந்தது என்று எண்ணி, புதுச்சேரி வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் கன்னியக்கோயில் அருகே மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போன ஷேர் ஆட்டோ நின்றது. பிரேக்கை மிதித்தது லேசாகத்தான். காலி வண்டியின் பின்சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டு வால் ஒரு பக்கமாக வழுக்கிப் போனது. எதிலும் இடிக்கவில்லை, அவ்வளவுதான். கமானும் சரி, அதைப் பின் அச்சோடு கட்டும் யூ போல்ட்டும் சரி, எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. தப்பு இருந்த இடத்தைப் பிடிக்க இன்னும் இரண்டு நாள் ஆனது. இதே வேலையை நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அந்த இரண்டு நாளை மிச்சம் பிடிக்கலாம்.

முதலில் அளவு. வண்டி, கமான் ஹவுசிங்குக்கு (பின் அச்சைச் சுற்றிய குழாய்க் கூடு) மேலே உட்காரும் வகைப் பிக்கப். வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 3 மீட்டர். ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச் பந்து பின் அச்சிலிருந்து 1.1 மீட்டர் பின்னால். காலி வண்டியில் பந்தின் உயரம் தரையிலிருந்து 560 மி.மீ.; படகு ட்ரெய்லர் மட்டமாக நிற்கும்போது பந்தின்மேல் உட்காரும் அதன் கப்ளர் 430. ஆக 130 மி.மீ. வித்தியாசம். அப்படியே மாட்டினால் ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். படகின் பாரம் பின்னுக்குப் போய், பந்தின்மேல் அழுத்தும் மூக்குப் பாரம் குறையும். வேகம் கூடியதும் ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆடும். போதாக்குறைக்கு ஒவ்வொரு வேகத்தடையிலும் ட்ரெய்லரின் பின் விளக்குப் பலகை தரையில் தட்டும்.

'ட்ரெய்லரை மாட்டினால் பாரத்தில் தானே இறங்கிவிடும்' என்று எல்லாரும் சொல்வார்கள். இறங்காது. படகோடு சேர்த்து ட்ரெய்லர் 700 கிலோ, மூக்குப் பாரம் 70 கிலோ. (வீட்டில் உடல் எடை பார்க்கும் மெஷினே போதும். அதன்மேல் கட்டை வைத்து, கப்ளர் 430 உயரத்தில் நிற்கும்படி செய்து எடை பாருங்கள். உயரம் மாறினால் எடையும் மாறும்.) அதை மாட்டியதும் பந்து இறங்கியது வெறும் 11 மி.மீ. ஒரு டன்னுக்கு மேல் சுமக்கச் செய்த கமானுக்கு 70 கிலோ ஒரு பொருட்டே இல்லை.

இன்னொரு கணக்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பந்து அச்சுக்குப் பின்னால் இருப்பதால், அச்சின் மேல் சேஸிஸ் 50 இறங்கினால் பந்து 50 மட்டும் இறங்காது. வண்டி முன் அச்சை மையமாக வைத்துச் சாய்கிறது. 3 மீட்டரில் 50 என்றால் 4.1 மீட்டரில் 68. ஆக 560-இல் 68 போனால் 492. அதில் 50 மி.மீ. இறக்கமுள்ள ஹிட்ச் கால் (பந்தைத் தாழ்வாகத் தாங்கும் இரும்புக் கை) போட்டால் 442. மூக்குப் பாரத்துக்கு 11 கழித்தால் 431. இந்தக் கணக்கு காகிதத்தில் முடிவதற்கு முன் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

முழுவதையும் ஹிட்ச் காலிலேயே இறக்கியிருக்கலாமே என்றால், ஆமாம், 60 மி.மீ.க்குள் வேலை முடியும் வண்டியாக இருந்தால் அதையே செய்யுங்கள், கமான் பக்கமே போகாதீர்கள். எங்கள் ஹிட்ச்சை அடித்துக் கொடுத்தவர், 60-க்கு மேல் கால் தொங்கவிட மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பிரேக் பிடிக்கும்போது ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளும் விசை முழுவதும் அந்தக் காலில் நெம்புகோலாக விழும். கால் நீள நீள வெல்டிங்கில் விழும் முறுக்கும் கூடும். இந்த வேலை முழுவதிலும் ஒழுங்காகக் கிடைத்த ஒரே அறிவுரை அந்த மறுப்புதான்.

இறக்குவதற்கு இணையத்தில் முதலில் கண்ணில் படுவது லோயரிங் பிளாக் என்ற இடைக்கட்டை. கமான் ஹவுசிங்குக்குக் கீழே இருக்கும் வண்டிகளுக்குத்தான் அது இறக்கும். நம் ஊர்ப் பிக்கப்புகளில் பெரும்பாலும் கமான் மேலே. இரண்டுக்கும் நடுவில் பிளாக் வைத்தால் வண்டி உயரும். நீள ஷேக்கிளும் அதே கதைதான்: கமானின் பின்முனையைப் பிடிக்கச் சேஸிஸிலிருந்து கீழே தொங்கும் ஷேக்கிளை நீட்டினால் பின்பக்கம் ஏறும், இறங்காது. ஹவுசிங்கைக் கமானுக்கு மேலே மாற்றிப் போடுவது ஒரே அடியில் ஐந்து அங்குலம் போல இறக்கிவிடும். ஹவுசிங் சேஸிஸில் போய் முட்டும், சேஸிஸை வெட்ட வேண்டிவரும். பாரம் இழுக்கும் வண்டியில் அந்தப் பேச்சே வேண்டாம். மிச்சம் இருப்பது இரண்டு: பட்டையை உருவுவது, அல்லது பட்டையின் வளைவைக் குறைப்பது.

புதுச்சேரிப் பக்கம் ஒரு பட்டறையில் முதல் வழியைச் செய்தார்கள். "ஒரு பட்டைய உருவிட்டா போதும் சார், அரை நாள் வேலை." அரை நாளில் முடிந்தது உண்மை. வண்டியும் இறங்கியது. பிறகு வந்தவை இவை.

பட்டை குறைந்ததும் கமான் மென்மையாகிவிட்டது. தொட்டியில் நாலு மூட்டை ஏற்றினாலே ஹவுசிங் பம்ப் ரப்பரில் (அது சேஸிஸில் முட்டாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) இடித்தது. இதை எதிர்பார்க்கலாம். எதிர்பார்க்காதது யூ போல்ட். பட்டைக் கட்டின் தடிமன் குறைந்துவிட்டது, போல்ட்டோ பழையதுதான். நட்டு மரையின் கடைசி வரை போய் அங்கேயே நின்றுவிட்டது. டார்க் ரென்ச் (குறித்த இறுக்கம் வந்ததும் ஒலிக்கும் ஸ்பேனர்) 'டக்' என்றது. கட்டு இறுகியதாக எல்லாரும் நினைத்தோம். இறுகியது நட்டும் மரை முடியும் இடமும். பட்டைகள் தளர்வாகவே கிடந்தன. இரண்டு வாரத்தில், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை அறுந்து, இடப்பக்க ஹவுசிங் 6 மி.மீ. பின்னால் போயிருந்தது. ஸ்டீயரிங் நேராக இருந்தும் வண்டி கோணலாக ஓடியபோதுதான் தெரிந்தது. யூ போல்ட்டை எப்போதும் புதிதாக, இருக்கும் கட்டின் தடிமனுக்கு ஏற்ற நீளத்தில் வாங்குங்கள். இறுக்கி முடித்ததும் நட்டுக்கு வெளியே மூன்று, நான்கு மரை தெரிய வேண்டும், நட்டுக்கு உட்பக்கமும் மரை மிச்சம் இருக்க வேண்டும். ஒருமுறை முழு டார்க்கில் இறுக்கிய போல்ட் நீண்டிருக்கும். அதை இரண்டாம் முறை போடுவது சிக்கனம் ஆகாது. நம் கடற்கரை உப்பில் பழைய போல்ட் ஒழுங்காகக் கழன்று வந்தாலே அதிசயம். எங்களுக்கு நான்கில் மூன்றை அறுத்துத்தான் எடுத்தார்கள்.

அதே பட்டறையில், கேட்காமலேயே, கமானுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் ஆப்பு ஒன்று வைத்திருந்தார்கள். 'இறக்கினா ஆங்கிள் மாறும்' என்று காரணம். மாறும்தான், ஆனால் அளந்து பார்த்து வைப்பதுதான் ஆப்பு. கியர்பாக்ஸின் வெளிமுனையும் ஹவுசிங்கின் பினியனும் (ஷாஃப்ட் வந்து சேரும் தண்டு) ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் உள்ள மூட்டுகளான இரண்டு கிராஸும் ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று சரிக்கட்டும். இங்கே தடித்த பக்கம் தலைகீழாக இருந்தது. 50 முதல் 60 கி.மீ. வேகத்தில் சீட்டுக்கு அடியில் அதிர்வு. ஆப்பை எடுத்ததும் போய்விட்டது. போனிலுள்ள கோணம் பார்க்கும் செயலி இதற்குப் போதும். வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதி வையுங்கள்.

இரண்டாம் முறை கடலூரில் செய்தோம். அதே மாடலுக்குப் புதிய கமான் ஒரு ஜோடி வாங்கி, எல்லாப் பட்டைகளையும் அப்படியே வைத்துக்கொண்டு வளைவை மட்டும் குறைப்பது. பட்டைகள் குறையாததால் கமானின் விறைப்பு அப்படியே இருக்கும். இதில் ஒரே ஒரு விதி: குளிர்ந்த நிலையில், ஹைட்ராலிக் பிரஸ்ஸில், நடுவிலிருந்து முனை நோக்கி ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக நகர்த்தி அழுத்த வேண்டும். கேஸ் டார்ச்சை யாராவது பற்றவைத்தால் பட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கமான் எஃகைப் பழுக்கச் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதம் ஏற்றியிருப்பார்கள். டார்ச்சால் சிவக்கச் சூடாக்கிய இடத்தில் அந்தப் பதம் போய்விடும். அன்றைக்கு அளவு சரியாக நிற்கும். ஒரு மாதத்தில் அந்த இடம் தொய்யும் அல்லது உடையும்.

நாங்கள் கேட்ட அளவு 43 மி.மீ., 50 அல்ல. புதிதாக அழுத்திய பட்டை பாரம் ஏறியதும் கொஞ்சம் தணியும். முதல் வார ஓட்டத்தில் மேலும் 7 தணிந்து 50-க்கு வந்தது. இடம், வலம் இரண்டுக்கும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்; வண்டி தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்கும்.

ஒரு முழு நாள் வீணானது யூ போல்ட் கடையில். ஹவுசிங் குழாய் உருண்டை. வாங்கி வந்தது சதுர வளைவு போல்ட். பட்டறைக்கு வந்து பெட்டியைத் திறந்த பிறகுதான் பார்த்தோம். கடைக்குப் போகும்போது பழையதையே கையில் கொண்டு போங்கள், அறுத்த துண்டாக இருந்தாலும் பரவாயில்லை.

மாட்டும் வேலையில் சொல்ல அதிகம் இல்லை. சேஸிஸுக்கு ஸ்டாண்டு, ஹவுசிங்குக்கு ஜாக்கி, குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாக இறுக்கம். ஒன்று மட்டும்: ரப்பர் புஷ் உள்ள ஷேக்கிள் போல்ட்டையும் கமானின் முன்முனை வளையமான முன் கண்ணின் போல்ட்டையும் சக்கரம் தரையில் பட்டு வண்டியின் பாரம் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கவிட்ட நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். வளைவு குறைந்த கமான் கண்ணுக்குக் கண் நீளும். எங்களுக்கு 20 மி.மீ. போல நீண்டு, ஷேக்கிள் பின்னால் சாய்ந்தது. முழுப் பாரத்தில் அது சேஸிஸைத் தொடாமல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். தொட்டால் கமான் வேலை செய்யாது, கட்டையாகிவிடும்.

இப்போது கன்னியக்கோயிலுக்கு வருகிறேன். பின் ஹவுசிங்கிலிருந்து சேஸிஸுக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். அது லோடு சென்சிங் வால்வின் லிவர். பட்டறைப் பேச்சில் எல்.எஸ்.பி.வி. சேஸிஸ் ஹவுசிங்கை நெருங்கினால் பாரம் ஏறியிருக்கிறது என்று வால்வு புரிந்துகொண்டு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். விலகினால் காலி வண்டி என்று குறைக்கும். நாம் 50 மி.மீ. இறக்கிவிட்டோம். வால்வைப் பொறுத்தவரை வண்டியில் எப்போதும் அரை டன்னுக்கு மேல் ஏறியே இருக்கிறது. காலி வண்டி, ஈர ரோடு, பின் பிரேக்கில் பாரத்துக்கான அழுத்தம்: பூட்டாமல் என்ன செய்யும்? இரண்டு பட்டறையிலும் ஒருவர்கூட அந்தக் கம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்களும்தான்.

சரிசெய்தது இப்படி. லிவர் பழைய நிலைக்கு வரும் அளவுக்குக் கம்பியின் ஹவுசிங் பக்கப் பிடியைக் கீழே மாற்றினோம். கழற்றும் முன் போட்டோ எடுக்காததால், இறக்காத அதே மாடல் வண்டி ஒன்றின் அடியில் படுத்து லிவருக்கும் சேஸிஸுக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டியிருந்தது. கமானின் விறைப்பு மாறாததால் நிலையைத் திருப்பி வைத்ததே போதுமானது. பட்டையை உருவிய வண்டிக்கு இது போதாது. மென்மையான கமான் அதே பாரத்துக்கு அதிகம் தணியும், வால்வும் அதிகம் திறக்கும். முன், பின் பிரேக் லைனில் பிரஷர் கேஜ் போட்டு மேனுவல் அளவோடு ஒப்பிடுவதுதான் முறையான வழி. கேஜ் வைத்திருக்கும் இடம் கிடைத்தால் அங்கே போங்கள். அதன் பிறகு ஆளில்லாத இடத்தில் 30 கி.மீ. வேகத்தில் காலி வண்டியை அழுத்தி நிறுத்திப் பாருங்கள்: முன்சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள சில புதிய வண்டிகளில் இந்த வால்வே இருக்காது. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பம்ப் ரப்பர் இடைவெளி 95-லிருந்து 45 ஆகிவிட்டது. 500 கிலோ ஏற்றிப் பார்த்தபோது மிச்சம் 5 மி.மீ.தான். ஆக, கமான் பழைய பலத்தோடு இருந்தாலும் தொட்டியில் பழைய பாரம் ஏற்ற முடியாது. 'ரப்பரைப் பாதி வெட்டிவிடலாம்' என்று யோசனை வரும். வேண்டாம். ரப்பர் அப்படியே இருக்கும்வரை ஹவுசிங் மேலே வரக்கூடிய எல்லையும் பழையதுதான், அதனால் ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டியதில்லை. ரப்பரை வெட்டினால் ஷாக்கே முட்டுக்கட்டையாகி அதன் கண் பிய்ந்துகொள்ளும்.

ஹெட்லைட்டை மறக்காதீர்கள். பின்பக்கம் 50 இறங்கினால், 10 மீட்டர் தூரத்துச் சுவரில் வெளிச்சம் சுமார் 16, 17 செ.மீ. மேலே ஏறும். இரவில் கடலூர் சாலையில் எதிரே வருபவர்கள் ஹை பீம் அடித்துத் திட்டும்போது உங்களுக்குக் காரணம் புரியாது. வேலைக்கு முன்பே சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தால் பத்து நிமிடத்தில் திருகிச் சரிசெய்யலாம்.

யூ போல்ட்டை 100 கி.மீ.யில் ஒருமுறையும் 500-இல் ஒருமுறையும் மேனுவல் டார்க்கில் இறுக்கினோம். 100-இல் எல்லா நட்டும் கால் சுற்று போனது, 500-இல் ஒன்றுகூட அசையவில்லை. படகைத் தண்ணீரில் இறக்கும்போது பின்சக்கரம் நனைந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கமானையும் வால்வு லிவரையும் கழுவிவிடுங்கள். லிவரின் மூட்டு துருப்பிடித்து இறுகினால் மறுபடி அதே பிரேக் கதைதான்.

சட்டம் பற்றி ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. எப்.சி.யில் ஆய்வாளர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், பட்டறைக்காரர் அல்ல. எனவே வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வளைவைக் குறைக்கப் புது ஜோடி வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் பட்டறை உருவிய இரண்டு பட்டைகளையும் கேட்டு வாங்கி, பழைய கமானைப் புது சென்டர் போல்ட் போட்டு முழுசாகக் கட்டி, கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றிக் கொட்டகையில் வைத்திருக்கிறோம். அதற்குப் பொருந்தும் நீளத்தில் நான்கு யூ போல்ட்டும் அதே சாக்கில் இருக்கின்றன, உருண்டை வளைவு.