லேடில் பிடிப்பவர்கள்

பெங்களூரு பீன்யாவில் பவுண்டரி வேலை, அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கிற வேலை என்றால் ஊரில் இருப்பவர்கள் நெருப்புப் பக்கத்தில் நிற்கிற வேலை, உடம்பில் தெம்பு இருந்தால் போதும் என்றுதான் நினைக்கிறார்கள். தெம்பு வேண்டும்தான். ஆனால் லேடில் என்கிற, உருகிய உலோகம் எடுத்துவரும் பாத்திரத்தைச் சாய்த்து அச்சில் இரும்புக் குழம்பை ஊற்றுகிறவருக்கு அதைவிட முக்கியமாக நிதானமான கையும் நல்ல கண்ணும் வேண்டும். நான் வார்ப்புகளின் தரம் பார்க்கிற பக்கம் இருக்கிறேன். எங்களிடம் ஊற்றுகிறவர் தர்மபுரிக்கார அண்ணன்.

கிரே அயர்ன் என்கிற சாதாரண வார்ப்பிரும்பைப் பெரும்பாலும் 1350, 1400 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஊற்றுவோம். சூடு குறைந்தால் உலோகம் ஓரம் வரை ஓடாது, இல்லையென்றால் இரண்டு பக்கமாக வந்த ஓட்டம் சேருகிற இடத்தில் ஒட்டாமல் கோடு விழும். அதுதான் கோல்ட் ஷட். சூடு கூடினால் மணல் வெந்து வார்ப்பில் ஒட்டிக்கொள்ளும். ஃபர்னஸிலிருந்து லேடிலுக்கு வந்த நிமிடத்திலிருந்தே சூடு இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், மெல்லிய சுவர் உள்ள வார்ப்புகளுக்கான பாக்ஸ்களை (மணல் அச்சுப் பெட்டிகளை) முதலில் ஊற்றிவிட்டு, தடிமனானவற்றைக் கடைசிக்கு வைப்பார் அண்ணன்.

ஊற்றும்போது அச்சின் மேலே உலோகத்தை ஊற்றுகிற குழி எப்போதும் நிரம்பியே இருக்க வேண்டும். கசடு மேலே மிதக்கும், குழி நிறைந்திருக்கும் வரை உள்ளே இறங்காது. நடுவில் ஒரு கணம் ஓட்டம் அறுந்தால் காற்றும் கசடும் சேர்ந்து உள்ளே போய்விடும். "தொடங்கிட்டா நிறுத்தக் கூடாது தம்பி, கை வலிச்சாலும்" என்பார். லேடில் வாயைக் குழிக்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கிட்டே வைப்பார், உயரத்திலிருந்து விழுந்தால் மணலை அரித்துவிடும்.

அப்புறம் ஈரம். தண்ணீர் நீராவியானால் 1600 மடங்குக்கு மேல் விரியும். அது உருகிய உலோகத்துக்கு அடியில் மாட்டினால் வெடித்து இரும்பு சிதறும். பச்சை மணல் அச்சிலும் (களிமண் கலந்து ஈரத்தோடு, காயவைக்காமல் பயன்படுத்துகிற மணல் அச்சு) 3, 4 சதவீதம் ஈரம் இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே ஆவி மணல் துகள்களின் இடுக்கு வழியாகவும் வென்ட் துளை வழியாகவும் வெளியேறிவிடும். ஈரமான தரையிலோ சூடாக்காத லேடிலிலோ அதற்கு வழியே கிடையாது. கசடு வழிக்கிற கம்பியைக்கூடக் காய்ச்சாமல் உள்ளே விடக் கூடாது. அலுமினியம் இன்னும் ஏமாற்றும்: 700 டிகிரியில்கூட வெள்ளி மாதிரி பளபளவென்று இருக்கும், சூடாக இருப்பதே தெரியாது.

இவ்வளவு பார்த்து ஊற்றியும், வார்ப்பில் ப்ளோ ஹோல், அதாவது வாயு மாட்டி உண்டாகிற ஓட்டை வந்தால் முதல் கேள்வி ஊற்றியவருக்குத்தான். மணலில் ஈரம் அதிகமா, கோர் (வார்ப்புக்குள் வெற்றிடம் வர வைக்கிற மணல் துண்டு) சரியாகக் காய்ந்ததா, வென்ட் போட்டார்களா என்று அப்புறம்தான் பார்ப்பார்கள். நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் அதைக்கூடப் பார்க்காமல் சம்பளத்தில் பிடித்தார்கள். அது அநியாயம்.

ஊரிலிருந்து இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு: பாலியஸ்டர் சட்டை வேண்டாம், உருகித் தோலில் ஒட்டும், பருத்தி போடுங்கள். லேஸ் இல்லாத, சட்டென்று கழற்றுகிற பூட்ஸ் வாங்குங்கள், பேன்ட் அதற்கு வெளியே தொங்க வேண்டும். முகக் கவசமும் கையுறையும் தராமல் லேடிலைப் பிடிக்கச் சொன்னால் அங்கே சேராதீர்கள், வேறு ஷெட்டைப் பாருங்கள்.