ஒரு வரிக்குள் நான்கு கட்டளைகள்

பார்சல் கணக்கு தினமும் கொஞ்சம் குறைந்தது. ஒரு நாள் மூன்று, ஒரு நாள் ஏழு, சில நாள் சரியாகவே இருக்கும். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். கிடங்கில் ஸ்கேன் ஆகும் ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு செய்தி வரும். எட்டு த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் கிளைகள்) அவற்றை வாங்கி டேட்டாபேஸில் பதிந்துவிட்டு, பொதுவான ஓர் எண்ணில் ஒன்றைக் கூட்டும். டேட்டாபேஸில் எல்லாப் பார்சலும் இருந்தன. அந்த எண் மட்டும் குறைந்தது.

பைத்தான் மொழியின் 3.6 பதிப்பில் ஓடிய நிரல் அது. ஜிஐஎல் என்ற பூட்டு இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைத்தானை ஓட்ட முடியும் என்று படித்திருந்தேன். அப்புறம் ‘மொத்தம் += 1’ என்ற வரியில் எப்படித் தவறு வரும்? செய்தி வரும் வழியைச் சந்தேகப்பட்டேன், நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டேன், ஸ்கேனரைக்கூட விடவில்லை. இரண்டு வாரம் இதிலேயே போனது.

கடைசியில் சீனியர் ஒருவரிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, “அந்த ஃபங்ஷனை டிஸ் போட்டுப் பாத்தீங்களா?” என்றார்.

டிஸ், பைத்தானோடு வரும் ஒரு மாட்யூல், அதாவது தயாராக எழுதிவைத்த நிரல் கோப்பு. ஒரு ஃபங்ஷனைக் கொடுத்தால் அது எப்படிப்பட்ட பைட்கோடாக, அதாவது பைத்தான் உள்ளே ஓட்டும் சிறு கட்டளைகளாக, மாறியிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். என்னுடைய ஒரு வரி நான்காக வந்து நின்றது: லோட் குளோபல், லோட் கான்ஸ்ட், இன்பிளேஸ் ஆட், ஸ்டோர் குளோபல்.

இந்த நான்கையும் ஓட்டுவது, சி மொழியில் எழுதப்பட்ட ஒரு பெரிய லூப். அது அடுத்த கட்டளையை எடுக்கும், அதற்குரிய இடத்துக்குத் தாவும், வேலையை முடிக்கும், மறுபடி அடுத்ததை எடுக்கும். கட்டளைகள் தங்களுக்குள் பொருளைக் கைமாற்றிக்கொள்ள, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஒரு ஸ்டேக் இருக்கிறது. மொத்தம் 100 என்றால், முதல் கட்டளை அந்த 100-ஐ ஸ்டேக்கில் வைக்கும். இரண்டாவது, அதன் மேல் 1-ஐ வைக்கும். மூன்றாவது, இரண்டையும் எடுத்துக் கூட்டி 101-ஐ வைக்கும். நான்காவதுதான் அதை ‘மொத்தம்’ என்ற பெயரில் எழுதும்.

பூட்டைக் கைமாற்றும் இடமும் இந்த லூப்பிலேயே இருக்கிறது. வேறொரு த்ரெட் காத்திருந்தால், சுமார் 5 மில்லிசெகண்ட் கழித்து அது, ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டிடம் பூட்டை விட்டுக்கொடுக்கச் சொல்லும். 3.6-இல் அது என் நான்கு கட்டளைகளுக்கு நடுவிலும் நடக்கலாம். ஒரு த்ரெட் 100-ஐ எடுத்து ஸ்டேக்கில் வைத்ததும் நிறுத்தப்படுகிறது. அதற்குள் மற்றவை எண்ணை 107 வரை கொண்டுபோகின்றன. திரும்பி வரும் முதல் த்ரெட்டின் ஸ்டேக் அதற்கே சொந்தமானது. அதில் பழைய 100 அப்படியே காத்திருக்கிறது. ஒன்றைக் கூட்டி 101 என்று எழுதுகிறது. ஏழு பார்சல் போயிற்று. ஜிஐஎல் காப்பது, பைத்தானை ஓட்டும் இன்டர்ப்ரெட்டரின் உள்கணக்கை. என் கணக்கை அல்ல.

உறுதி செய்ய நான்கு த்ரெட்கள், ஒவ்வொன்றும் பத்து லட்சம் முறை கூட்டும்படி ஒரு சிறு நிரல் எழுதினேன். ஒவ்வொரு முறையும் 40 லட்சத்துக்குக் குறைவாக, வேறுவேறு எண் வந்தது. அன்று எனக்குக் கிடைத்த நிம்மதி பெரியது. ஒரு த்ரெட் அந்த வரியை முழுதும் முடிக்கும்வரை மற்றவை காத்திருக்கும்படி நானே ஒரு லாக் (பூட்டு) போட்டதும் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் நான் அதோடு நிறுத்தவில்லை. தினமும் மாலையில் அந்தப் பெரிய லூப் இருக்கும் சி கோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். ஃபங்ஷனுக்குள் மட்டும் இருக்கும் லோகல் மாறி, வெளியே பொதுவாக இருக்கும் குளோபலைவிட ஏன் வேகம் என்பது அங்கே இரண்டு வரியில் இருந்தது. லோகலுக்கு அரேயில் ஓர் இடம் முன்பே குறித்து வைக்கப்பட்டிருக்கிறது. குளோபலுக்கு முதலில் மாட்யூலின் டிக்ஷனரி (பெயரும் மதிப்பும் உள்ள அட்டவணை), அங்கே இல்லையென்றால் உள்ளமைந்த பெயர்களின் டிக்ஷனரி என்று தேட வேண்டும். கேள்விப்பட்டுச் செய்துகொண்டிருந்த எத்தனையோ விஷயங்களுக்கு இப்படிக் காரணம் கிடைத்தது.

சில வருடம் கழித்து நிரலை 3.11-க்கு மாற்றினோம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், லாக்கை எடுத்துவிட்டு என் பழைய சோதனையை ஓட்டிப் பார்த்தார். 40 லட்சம் சரியாக வந்தது. “இது தேவையே இல்லையே சார்,” என்றார். அவர் பார்த்தது உண்மைதான். 3.10 முதல் இந்த விட்டுக்கொடுக்கும் சோதனை, நாம் எழுதும் நிரலின் லூப் பின்னோக்கித் தாவும்போதும் ஃபங்ஷன் அழைப்புகளின்போதும்தான் நடக்கிறது. அந்த நான்கு கட்டளைகளுக்கு நடுவில் நடப்பதில்லை. ஆனால் மொழி இதற்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை. 2024-இல் வந்த 3.13-இல் ஜிஐஎல் இல்லாமலே ஓடும் ஒரு வடிவமும் சோதனை முயற்சியாக வந்துவிட்டது. லாக் இருக்கட்டும் என்று அன்றே சொன்னதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை.

அவர் லாக்கைத் திரும்பப் போட்டுவிட்டு, தானே டிஸ் போட்டுப் பார்த்தார். “சார், இன்பிளேஸ் ஆட் காணோம். பைனரி ஆப்னு ஏதோ வருது.” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்தக் கட்டளை, இரண்டு முழு எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் முழு எண்ணுக்கென்றே உள்ள வேகமான கட்டளையாக, ஓடும்போதே தன்னை மாற்றிக்கொள்ளும். அதைக் கண்ணால் பார்க்க, ஃபங்ஷனைப் பல முறை ஓட்டிவிட்டு, adaptive=True என்று கொடுத்து மறுபடி டிஸ் போட்டோம்.