கணவருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை

கர்ப்பம் உறுதியானதும் மனைவிக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் (உடலுறவு மூலம் பரவும் மேகநோய்), ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் தொற்று) என்று வரிசையாக ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். கணவர் வெளியே நாற்காலியில் போன் பார்த்துக்கொண்டிருப்பார். அவரையும் கையை நீட்டச் சொன்னால், "எனக்கு எதுக்கு?" என்று முகம் மாறிவிடும். யாரும் சந்தேகப்படவில்லை ஐயா. மனைவிக்கு சிபிலிஸ் இருந்து பென்சிலின் ஊசியில் குணமானாலும், கணவருக்குச் சிகிச்சை இல்லையென்றால் திரும்பத் தொற்றலாம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் போகலாம். பல நேரம் வெளியே அறிகுறியே தெரியாது என்பதுதான் இதில் வம்பு.

அப்புறம், டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி: கர்ப்பகாலத்தில் உறவு கொள்ளலாமா? சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் கொள்ளலாம். குழந்தை பனிக்குடத்துக்குள் பத்திரமாக இருக்கிறது, அடிபடாது. ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருப்பது, குறைப்பிரசவ அபாயம் போன்றவை இருந்தால் தவிர்க்கச் சொல்வார்கள். மனைவிக்கு விருப்பமில்லையா? அதுவே போதும், மருத்துவக் காரணம் தேட வேண்டாம்.

பிரசவத்துக்குப் பிறகு, "இன்னும் மாதவிலக்கே வரவில்லை, கரு தங்காது" என்று நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. முதல் மாதவிலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம். இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் வராமல், குழந்தைக்கு 6 மாதம் ஆகாமலும் இருந்தால்தான் தாய்ப்பாலை நம்பலாம். அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது 24 மாத இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கருத்தடை பற்றி பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்; பிறகு தூங்கவே நேரம் கிடைக்காது.