அம்மாவின் நேர்ச்சை, கருமத்தம்பட்டி மாதா, ஒரு பிரெஞ்சு ஆயர்

அம்மா நேர்ந்துகொண்டது பதினொரு வருஷத்துக்கு முன்னால். தம்பி சாமியாராகப் படிக்கக் குருமடத்துக்குப் போகிறேன் என்று சொன்ன வாரம் அது. அப்பா மூன்று நாள் அவனோடு பேசவில்லை. "எட்டுத் தறி ஓடுது. நாளைக்கு இதை யார் பார்க்கிறது?" என்று அம்மாவிடம்தான் கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. பையன் குருப்பட்டம் வாங்கிவிட்டால் கோவை மிக்கேல் அதிதூதர் பேராலயத்திலிருந்து கருமத்தம்பட்டிக்கு நடந்தே வருகிறேன் என்று ஜெபமாலை மாதாவிடம் சொல்லிவிட்டு, எப்போதும்போல தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார்ந்துவிட்டாள்.

தம்பிக்குப் போன ஏப்ரலில் பட்டம் கிடைத்தது. அதற்குள் அம்மாவின் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. மாடிப்படி ஏறினாலே வீங்கிப்போகிறது. நேர்ச்சையைப் பாக்கி வைக்கக் கூடாது, நீ நட கண்ணு என்றாள். சரி என்றேன்.

அக்டோபர் முதல் ஞாயிறு திருவிழா. முந்தின இரவு எட்டு மணிக்குப் பேராலய வாசலில் ஜெபம் சொல்லிவிட்டு எங்கள் பங்கிலிருந்து பதினான்கு பேர் கிளம்பினோம். கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். உப்பிலிபாளையம், லட்சுமி மில், பீளமேடு என்று மேம்பாலத் தூண்களுக்கு அடியிலேயே போனோம். நடந்துகொண்டே ஜெபமாலை சொன்னோம்; சனிக்கிழமை என்பதால் சந்தோஷ தேவ இரகசியங்கள். ஒவ்வொரு ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையும் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், தம்பி எனக்குச் சொன்ன கதையைக் கூட வந்த பெண்களுக்குச் சொல்லிக்கொண்டு போனேன்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்களிலேயே பலருக்குப் பிரெஞ்சு ஆயர் பிரெசிலாக் ஆண்டகையைத் தெரியாது. அது எனக்குப் பெரிய வருத்தம். முழுப்பெயர் மெல்க்கியோர் தெ மரியோன் பிரெசிலாக். 1813-ல் பிரான்சில் காஸ்டல்நோடரி என்ற ஊரில் பிறந்தவர். வேதபோதகராகக் கடல் கடந்து போகிறேன் என்றதும் அவர் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. (இந்த இடத்தில் எனக்கு எட்டுத் தறியும் ஞாபகம் வந்தது.) 1842 ஜூலையில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். தமிழ் படித்தார், கொஞ்ச காலம் சேலத்தில் இருந்தார், அப்புறம் புதுச்சேரிக் குருமடத்தைப் பார்த்துக்கொண்டார். கோவை தனி மறைமாநிலமாகப் பிரிக்கப்பட்டபோது அதற்கு மேற்றிராணியாராக அவரைத்தான் நியமித்தார்கள். 1846 அக்டோபர் 4-ஆம் தேதி அவருக்கு ஆயர் அபிஷேகம் நடந்த இடம் கருமத்தம்பட்டி. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் முதல் ஞாயிறு, ஜெபமாலை மாதா திருவிழா. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயதுதான். நாங்கள் கிளம்பின அந்தப் பேராலயமும் அவர் காலத்தில் தொடங்கிய வேலைதான்.

இந்த மண்ணில் பிறந்தவர்களே இந்த மண்ணுக்குக் குருக்களாக வேண்டும் என்பதுதான் அவர் பிடித்த பிடி. 1844-ல் புதுச்சேரியில் நடந்த திருச்சபைச் சங்கக் கூட்டத்திலேயே இந்தப் பேச்சு எழுந்திருந்தது. ஆனால் பேசுவது ஒன்று, அதற்காக உட்கார்ந்து பையன்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது வேறு. வெள்ளைக்காரச் சாமிகள் சிலருக்கே நம் பையன்கள்மேல் நம்பிக்கையில்லாத காலம் அது. இவருக்கு இருந்தது. தம்பி இதைச் சொன்னபோது, "அக்கா, அந்த மனுஷன் இல்லாட்டி நான் இந்த அங்கியைப் போட்டிருப்பேனான்னு தெரியல" என்றான். வாய் நிறையப் பேசுகிறவன், அன்று அதற்கு மேல் பேசவில்லை.

சின்னியம்பாளையம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நீலம்பூரில் பூட்டின கடை ஒன்றின் தாழ்வாரத்தில் முக்கால் மணி நேரம் ஒண்டினோம். நனைந்த செருப்பு இடது குதிகாலை உரித்துவிட்டது. அரசூருக்குள் வரும்போது ஒவ்வொரு அடிக்கும் கண்ணில் தண்ணீர். லாரிகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போகின்றன. இனி முடியாது, பஸ் ஏறிவிடலாம் என்று மனசு சொன்னது உண்மை. மாதாவே, இது அம்மா கடன், என் கால் வலிக்காக நின்றுபோகக் கூடாது என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

கணியூர் டோல்கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு டிவிஎஸ் மொபெட் நின்றுகொண்டிருந்தது. தலையில் துண்டோடு அப்பா. அப்போது விடியற்காலை மூன்று மணி. வருகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. பிளாஸ்கில் சுக்குக் காபி, ஒரு சின்ன டப்பாவில் தேங்காயெண்ணெய், தறிக் கொட்டகையிலிருந்து எடுத்த வெள்ளைத் துணி கொஞ்சம். என்னை ரோட்டோரக் கல்லில் உட்காரவைத்து, குதிகாலில் எண்ணெய் தடவி, துணியை ரெண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்தார். நூல் முடிகிற கை, முடிச்சு அப்படி நின்றது. "நட" என்றார். பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

கருமத்தம்பட்டி நால்ரோட்டில் அம்மா ஆட்டோவில் வந்து காத்திருந்தாள். அங்கிருந்து கோவில் வரை நானும் நடப்பேன் என்று ஒரே பிடிவாதம். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாதாவைப் பார்க்க வருகிற ஜனங்களிடம் வண்டி நிறுத்த ரசீதே இல்லாமல் நூறு ரூபாய் கேட்கிறார்கள். மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், வேண்டாம் என்றால் முகத்துக்கு நேரே பேசுகிறார்கள். உள்ளே போனால், பீடத்தைப் பார்க்கவிடாமல் ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். வயதானவர்களுக்கு வழிவிடக்கூடாதா? 2019-ல் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதிக்கு உயர்ந்த கோவில். நாமும் கொஞ்சம் உயர வேண்டாமா?

ஆனால் பூசை மணி அடித்ததும் எல்லாம் மறந்துபோனது. பீடத்தில் நின்ற குருக்களில் தம்பியும் ஒருவன். நற்கருணை கொடுக்க இறங்கி, எங்கள் பக்கத்து வரிசைக்கு அவன்தான் வந்தான். எங்கள் ஊரில் எந்தத் தாயும் பிள்ளையைச் சாமி என்றுதான் கொஞ்சுவாள். வா சாமி, சாப்பிடு சாமி, தூங்கு சாமி. அம்மாவும் அப்படிக் கூப்பிட்டு வளர்த்த பிள்ளை, இப்போது ஊரே சாமி என்று கூப்பிடுகிற பிள்ளை. அப்பத்தை உயர்த்திப் பிடித்து "கிறிஸ்துவின் திருவுடல்" என்றான். அம்மா "ஆமென், சாமி" என்றாள். அவன் விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன். அடுத்து நின்றது அப்பா. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாயைத் திறந்தார். தம்பியால் உடனே சொல்ல முடியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டுதான் சொன்னான். எனக்கு மாதா சுரூபமே கண்ணீரில் மங்கிப்போனது. தாயே, உமக்கு என்ன சொல்லி நன்றி சொல்வேன்! கேட்டதைக் கொடுத்தீர், கேட்கத் தெரியாததையும் சேர்த்துக் கொடுத்தீர்.

பூசை முடிந்து ஒரு மெழுகுவர்த்தி ஆண்டகைக்காகவே ஏற்றினேன். மலபார் சடங்குகள், அதாவது இங்கத்திய கிறிஸ்தவர்கள் ஊர் வழக்கங்களை எந்த அளவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது பற்றிய சர்ச்சையில் மனசாட்சி இடம்கொடுக்காமல் 1855-ல் அவர் பொறுப்பை விட்டு விலகினார். எவ்வளவு வலித்திருக்கும்! அத்தோடு ஒடுங்கிப்போகவில்லை. 1856 டிசம்பர் 8-ஆம் தேதி, மாதாவின் அமல உற்பவத் திருநாளில், லியோன் நகரில் ஆப்பிரிக்காவுக்காக ஒரு சபையைத் தொடங்கினார். 1859 மே மாதம் சியரா லியோனில் போய் இறங்கினார். ஆறே வாரம். மஞ்சள் காய்ச்சல் ஜூன் 25-ஆம் தேதி அவரைக் கொண்டுபோய்விட்டது, நாற்பத்தைந்து வயதில். கொங்கு நாட்டில் விதைத்ததை அவர் அறுவடை செய்து பார்க்கவில்லை. அதை என் அம்மா பார்த்தாள்.

2020-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டத்துக்கு ஒரு புதுமை, அதாவது அற்புதம், வேண்டும். எல்லோரும் அவரிடம் வேண்டிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டம் கிடைத்தால் மறுபடியும் பேராலயத்திலிருந்து நடந்து வருகிறேன் என்று அங்கேயே நேர்ந்துகொண்டேன். அம்மாவிடம் சொன்னேன். தன் முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டே, "அப்ப நானும் வாறேன் கண்ணு" என்றாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் மொபெட்டை எடுக்கப் போனார்.