மருமகனின் பாய்ப்படகு

அக்காவின் மகன் பாசிக்குடாவில் பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கிவிட்டான். ஒற்றைப் பாய், சின்னதுதான். "மாமா, ஞாயிறு விடியக் கடலால ஓட்டிக்கொண்டு மட்டக்களப்புக்கு வாறன்" என்கிறான். இதுவரை பாயைத் தொட்டே இராதவன்!

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். பாய் ஏற்றும் கயிற்றை இழுத்தால் வெயிலில் உக்கிய நார் தூளாகக் கையில் ஒட்டுகிறது. அடித்தட்டில் தண்ணீர் வடியும் ஓட்டைக்கு மூடியே இல்லை, பழைய துணி அடைத்திருக்கிறது. விற்றவர் வர்ணம் மட்டும் நன்றாகப் பூசியிருந்தார்.

இது கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் காலம். காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரம் தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும், அதை நம்பிப் போனால் திரும்பி வருவதுதான் பாடு. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல்திட்டு வேறு. உள்ளே வந்தாலும் கல்லடிப் பாலத்துக்குக் கீழே பாய்மரத்தைச் சாய்க்காமல் போக முடியாது. இதையெல்லாம் அவன் யோசிக்கவே இல்லை.

கடைசியில் லொறியில் ஏற்றி வந்தோம். இப்போது வாவியில் பழகுகிறான். பலத்த காற்று அடித்தால் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைத் தளர்த்து, கவிழ்ந்தால் படகை விட்டு நீந்தாதே, பிடித்துக்கொண்டிரு என்று சொல்லியிருக்கிறேன். நேற்று நானே வேண்டுமென்று கவிழ்த்துவிட்டேன். உயிர்காப்பு அங்கியோடு மிதந்தபடி என்னைத் திட்டினான்.

மூடி இன்னும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.